நீர் போன வழி

இங்கிலாந்தின் யோர்க்‌ஷயர் பகுதியில், இங்கிள்பரோ மலைச்சரிவில் ஓடிவரும் ஃபெல் பெக் என்ற ஓடை திடீரென ஒரு பாதாளக் குழிக்குள் விழுந்து மறைகிறது. கேப்பிங் கில் எனப்படும் அக்குழியின் ஆழம் ஏறத்தாழ 100 மீற்றர். விழுந்த நீர் மலையடிவாரத்தில், 1837 இல் திறக்கப்பட்ட இங்கிள்பரோ குகையின் அருகே வெளிவருகிறது. நீருக்குத் தெரிந்த அந்த வழி மனிதருக்குத் தெரியவில்லை.

1842 இல் ஜோன் பேர்பெக் கயிற்றில் இறங்கி, பாதி வழியிலிருந்த பாறைத் திட்டோடு திரும்பினார். 1892 இல் தோன்றிய யோர்க்‌ஷயர் ராம்ப்ளர்ஸ் கழகத்தின் எட்வர்ட் கல்வேர்ட் அடித்தளத்தைத் தொட ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். அவரை முந்திக்கொண்டு, 1895 ஓகஸ்ட் 1 ஆம் திகதி, பிரான்சிலிருந்து வந்த எடுவார் மார்ட்டெல் நூலேணியில் இறங்கிவிட்டார். வீட்டு வாசலில் நின்றவர்களுக்கு அது எப்படி உறைத்திருக்கும்!

கழகத்தார் சோரவில்லை. 1896 இல் கல்வேர்ட்டும் தோழர்களும் இறங்கினர். மார்ட்டெல் கண்டது பெருமண்டபத்தை. அதிலிருந்து பிரியும் சுரங்க வழிகளை அடுத்தடுத்த ஆண்டுகளில் சேற்றில் தவழ்ந்து தேடி அளந்தவர்கள் உள்ளூர்க் கழகத்தார். முதலில் இறங்கியவர் பெயரே நிலைக்கிறது. என் மதிப்பில், அளந்தவர்களின் உழைப்பே பெரிது. எங்கே தேடவேண்டும் என்பதை அவர்களது வரைபடங்களே பின்வந்தவர்களுக்குக் காட்டின.

1983 இல் இரு சுழியோடிகள் நீர் நிரம்பிய வழிகளினூடாக இரண்டு குகைகளையும் இணைத்தனர். மார்ட்டெல் இறங்கி 88 ஆண்டுகளுக்குப் பின்னர்!

பிரட்ஃபோர்ட், கிரேவன் குகைக் கழகங்கள் இன்றும் ஆண்டுதோறும் இயந்திரக் கயிற்றில் பொதுமக்களை அங்கே இறக்குகின்றன. இறங்குவது இலவசம், ஏறுவதற்குத்தான் கட்டணம் என்பது அவ்வூரின் பழைய வேடிக்கை.