நீரின் வேகமும் கப்பியின் அளவும்

மோட்டார் வண்டியின் வரலாற்றை உரைப்போர் பெரும்பாலும் அதன் வேகத்தையே போற்றுவர். அந்த வேகத்தை இயலச் செய்த குளிர்ச்சியைப் பற்றிப் பேசுவோர் சிலரே. மும்பையிலிருந்து புணே செல்லும் கண்டாலா மலைப்பாதையில், முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆவி அடங்கும்வரை காத்து நிற்கும் லாரியை அப்பகுதியில் வாழும் நேயர்கள் கண்டிருப்பர். குதிரைத்திறன் எத்துணை இருந்தும் என்ன பயன்? தன் சூட்டைத் தணித்துக்கொள்ள மாட்டாத யந்திரம் நடுவழியில் நின்றுவிடுகிறது. அச்சூட்டைத் தணிக்க மனிதன் மேற்கொண்ட முயற்சியில் சிறியதொரு சக்கரத்திற்கும் பங்குண்டு. நீர்ப் பம்பைச் சுழற்றும் கப்பியே அது. தொழிற்கூடங்களில் அதனைப் 'புல்லி' என்பர்.

பெட்ரோல் யந்திரத்தின் சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் வெப்பம் 2,000 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேற்படும். எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே, பல வேளைகளில் அதனினும் குறைவே, வண்டியை ஓட்டும் வேலையாக மாறுகிறது. எஞ்சியதில் ஒரு பகுதி புகையோடு போகிறது. மற்றொரு பெரும் பகுதியைச் சிலிண்டரின் சுவர்களிலிருந்து நாம் அகற்றியாக வேண்டும். அகற்றாவிடில் மசகெண்ணெய் தன் வழவழப்பை இழக்கும், உலோகம் விரியும், பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

1886-ல் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் பம்பு ஏதுமில்லை. நீர் கொதித்து ஆவியாகி, வெப்பத்தைத் தன்னோடு கொண்டு சென்றது. 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்தா பென்ஸ், தம் இரு மைந்தருடன் மான்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் அவ்வண்டியில் பிரயாணம் செய்தார். வழியெங்கும் நிறுத்தி நிறுத்தி நீர் ஊற்ற வேண்டியிருந்தது. ஆவியாக்கி வீணாக்கும் நீரை மீண்டும் மீண்டும் பயன்படுத்துவதற்கு வழி காணாதவரை நெடுந்தூரப் பயணம் எளிதாகாது என்பது தெளிவாயிற்று.

அவ்வழியைச் செம்மைப்படுத்தியவர் வில்ஹெல்ம் மேபாக். 1901-ல் வெளிவந்த 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் வண்டிக்கு அவர் அமைத்த தேன்கூட்டு ரேடியேட்டரில் 8,070 சிறு குழாய்கள் இருந்தன. அவற்றினூடே காற்றுப் பாய, சுற்றிலும் ஓடிய நீர் விரைவில் குளிர்ந்தது. சிறிதளவு நீரே சுற்றிச் சுற்றி வந்து பெரும் யந்திரத்தைக் காத்தது.

அமெரிக்காவில் ஹென்றி போர்டு வேறு வழியில் சென்றார். 1908-ல் தோன்றிய 'டி' மாடல் வண்டிகளுள் முதல் 2,500 அளவிற்கே பம்பு இருந்தது. பிறகு அது நீக்கப்பட்டது. சூடேறிய நீர் எடை குறைந்து மேலே எழும். குளிர்ந்த நீர் கீழே இறங்கும். அந்த இயற்கை விதியொன்றையே நம்பி, 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. எனினும், யந்திரத்தின் ஆற்றல் பெருகப் பெருக இயற்கையோட்டம் போதாதாயிற்று. 1927-ன் இறுதியில் வந்த 'ஏ' மாடலில் பம்பு மீண்டும் இடம் பெற்றது.

1932-ல் அதே நிறுவனம் வெளியிட்ட 'வி-8' யந்திரம் 65 குதிரைத்திறன் உடையது; சாமானியனும் வாங்கும் விலையில் வந்தது. ஆனால் சூடேறுவதில் அது பெயர் பெற்றது. எரிந்த வாயு வெளியேறும் வழிகள் யந்திரத்தின் உடலுக்குள்ளேயே சென்றமையால், அவ்வெப்பமும் நீரின் தலையிலேயே விழுந்தது. மேலும், அதன் இரு பம்புகளும் மேற்புறத்தில் அமைந்து, சூடான நீரை இழுத்தன. 1937-ல் அவை கீழே மாற்றப்பட்டு, குளிர்ந்த நீரை உள்ளே தள்ளுமாறு செய்யப்பட்டன.

இந்த யந்திரத்தைத்தான் கலிபோர்னியாவின் இளைஞர் பலர் விரும்பி வாங்கி, மியூராக் முதலிய வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பந்தயமிட்டனர். நிறுவனம் கருதிய வேகத்தை விஞ்சி அவர்கள் ஓட்டியபோது பம்பும் அளவுகடந்து சுழன்றது. இதற்கு அவர்கள் போன்றோர் கையாண்ட வழிகளுள் ஒன்று, லேத் பட்டறையில் வேறு அளவில் கப்பி கடைந்து பொருத்துவதாகும்.

இதன் கணக்கு எளிது. யந்திரத்தின் கப்பி 6 அங்குல விட்டமும், பம்பின் கப்பி 5 அங்குலமும் உடையன என்று கொள்வோம். யந்திரம் நிமிஷத்திற்கு 5,000 முறை சுழன்றால் பம்பு 6,000 முறை சுழலும். பம்பின் கப்பியை ஏழரை அங்குலமாக்கினால் அது 4,000 ஆகக் குறையும். பம்பு உட்கொள்ளும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறி இறங்குவதால், அது முன்னிருந்ததில் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைந்துவிடும்.

நீர் மெல்ல ஓடினால்தான் ரேடியேட்டரில் தங்கிக் குளிரும் என்று பலர் இதற்குக் காரணம் கூறுவர். அது பொருந்தாது. ரேடியேட்டரில் நெடுநேரம் தங்கும் நீர், யந்திரத்திலும் நெடுநேரம் தங்கிச் சூடேறும் அன்றோ? உண்மைக் காரணம் வேறு. பம்பு மிகை வேகத்தில் சுழலும்போது அதன் வாயில் அழுத்தம் தாழ்ந்து, நீர் ஆவிக்குமிழிகளாகப் பிரிகிறது. குமிழியை இறைக்கும் பம்பு நீரை இறைப்பதில்லை. அக்குமிழிகள் உடையும் அதிர்ச்சி பம்பின் இறகுகளையும் அரித்துவிடும். எனவே பெரிய கப்பி நீரைத் தங்கவைத்துக் குளிர்விக்கவில்லை; நீரோட்டம் முறியாமல் காத்தது.

ஆனால் பந்தயத்திற்கு நன்மையானது நகரத் தெருவில் தீமையாகும். யந்திரம் 600 சுற்றில் நின்றபடி ஓடும்போது, 5 அங்குலக் கப்பி பம்பை 720 முறை சுழற்றும். ஏழரை அங்குலக் கப்பியோ 480 முறையே சுழற்றும். நெரிசலில் ஊர்ந்து செல்லும் வண்டிக்குச் சிறிய கப்பியே துணை. அதையும் அளவின்றிச் சிறிதாக்கினால் வார் பற்றும் இடம் குறைந்து வழுக்கும். இரு கப்பிகளும் ஒரே நேர்கோட்டில் அமையாவிடில் வார் தேய்ந்து அறும். ரேடியேட்டரில் உப்புப் படிந்து அடைத்திருந்தால் எந்தக் கப்பியும் பயன்படாது. அதைச் சுத்தம் செய்வதே முதல் வேலை.

யந்திரத்தின் வேகத்தோடு நீரின் வேகத்தைப் பிணைத்ததே கப்பியின் வலிமை; அதுவே அதன் குறையும் ஆகும். 2009-ல் வெளிவந்த மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் அப்பிணைப்பை அறுத்தது. அதன் நீர்ப் பம்பு மின்சாரத்தால் இயங்குவது. வாரும் கப்பியும் அதற்கு வேண்டா. எனினும் வாரால் சுழலும் பம்புகள் இன்றும் எண்ணற்ற வண்டிகளில் உழைக்கின்றன. அவற்றில் கப்பியை மாற்ற விரும்புவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த வண்டி சூடேறுவது விரைந்து ஓடும்போதா, நின்று ஊரும்போதா? அதற்கு விடை கண்ட பின்னரே பட்டறையில் கப்பியைக் கடையலாம்.