சட்டப்பேரவை இல்லாத தலைநகர்: அந்தமானின் தேர்தல் வரலாறு

போர்ட் பிளேர் துறைமுகத்தில், ஹேடோ பகுதியுடன் ஒரு சிறு பாலத்தால் இணைக்கப்பட்ட தீவு சாத்தம். 1789இல் ஆர்ச்சிபால்டு பிளேர் அந்தமானின் முதல் ஆங்கிலேயக் குடியேற்றத்தை இங்குதான் நிறுவினார். 1883இல் தொடங்கப்பட்ட அரசு மர அறுவை ஆலை இங்குதான் இயங்குகிறது. 1942 மார்ச் மாதம் ஜப்பானியர் வீசிய குண்டு ஏற்படுத்திய பள்ளம் ஆலை வளாகத்தில் இன்றும் உள்ளது. இந்திய வரலாற்றில் இவ்வளவு தொன்மையான இடத்தைப் பெற்ற இத்தீவின் வாக்காளர் ஒருவர் தம் வாழ்நாளில் சட்டப்பேரவைத் தேர்தலில் ஒருமுறைகூட வாக்களித்ததில்லை. மக்களவைக்கும் நகராட்சிக்கும் அவர் வாக்களிக்கலாம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட படிநிலை அவருக்கு இல்லை.

இந்த வெற்றிடம் எவ்வாறு உருவாயிற்று என்பதே அந்தமான் நிக்கோபாரின் தேர்தல் வரலாறு.

1950இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது ‘ஈ’ பிரிவு எனத் தனியே வகைப்படுத்தப்பட்ட ஒரே நிலப்பரப்பு அந்தமான் நிக்கோபார் ஆகும். 1952இல் நாடெங்கும் வயதுவந்தோர் வாக்குரிமையின் அடிப்படையில் முதல் பொதுத்தேர்தல் நிகழ்ந்தபோது இத்தீவுகளின் மக்களவை இடம் குடியரசுத் தலைவரின் நியமனத்தால் நிரப்பப்பட்டது. முதலில் நியமிக்கப்பட்டவர் கார் நிக்கோபாரைச் சேர்ந்த ஆயர் ஜான் ரிச்சர்ட்சன். 1957இல் லச்மன் சிங்கும் 1962இல் நிரஞ்சன் லாலும் அவ்வாறே நியமனம் பெற்றனர். 1956 நவம்பர் 1 அன்று தீவுகள் யூனியன் பிரதேசமான பின்னரும் நிலை மாறவில்லை. யூனியன் பிரதேசங்களில் நேரடித் தேர்தலுக்கு வழிசெய்த 1965ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னரே, 1967இல், தீவு மக்கள் முதன்முறையாகத் தம் மக்களவை உறுப்பினரைத் தாமே தேர்ந்தெடுத்தனர். மற்ற இந்தியக் குடிமக்களைவிட பதினைந்து ஆண்டுகள் பிந்திக் கிடைத்த உரிமை அது.

நேரடித் தேர்தலில் வென்றவர்களின் பட்டியல் வியக்கத்தக்க அளவிற்குக் குறுகியது. 1967, 1971 தேர்தல்களில் காங்கிரஸின் கே.ஆர். கணேஷ் வென்றார், மத்திய நிதி அமைச்சகத்தில் இணை அமைச்சராகவும் பணியாற்றினார். 1977 பிப்ரவரியில் ஜெகஜீவன் ராமுடன் காங்கிரஸிலிருந்து விலகி, ஜனநாயகத்திற்கான காங்கிரஸைத் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர். ஆயினும் அவ்வாண்டு வட இந்தியாவைப் புரட்டிப்போட்ட ஜனதா அலை தீவுகளை வெல்லவில்லை. தென்மாநிலங்களைப் போலவே அந்தமானும் காங்கிரஸுடன் நின்றது. அப்போது வென்ற மனோரஞ்சன் பக்தா 1998 வரை தொடர்ந்து ஏழு முறையும், 2004இல் மீண்டும் ஒருமுறையும் வென்றார். 1999இல் அவருடைய தொடர்ச்சியை முறித்த பாரதிய ஜனதாவின் விஷ்ணு பத ராய் 2009, 2014, 2024 ஆகிய ஆண்டுகளிலும் வெற்றிபெற்றார். 2019இல் மட்டும் காங்கிரஸின் குல்தீப் ராய் சர்மா 1,407 வாக்கு வேறுபாட்டில் வென்றார். அரை நூற்றாண்டிற்கும் மேலாக நான்கே பேர் இத்தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளனர்.

இடைநிலையில் ஒரு மன்றத்தை உருவாக்கும் முயற்சி நடைபெறாமல் இல்லை. உள்துறை அமைச்சருக்கான ஆலோசனைக் குழு ஒன்று முதலில் இருந்தது. பின்னர் 1979ஆம் ஆண்டின் ஒழுங்குமுறையின் கீழ் பிரதேச கவுன்சில் அமைந்தது. அது ஆலோசனை கூறலாம். சட்டம் இயற்ற இயலாது. 1982இல் தலைமை ஆணையரின் இடத்தில் துணைநிலை ஆளுநர் அமர்ந்தார். பெயர் உயர்ந்ததேயன்றி அதிகாரத்தின் மூலம் மாறவில்லை. அரசியலமைப்பின் 240ஆம் பிரிவின்படி இத்தீவுகளுக்கான ஒழுங்குமுறைகளைக் குடியரசுத் தலைவரே பிறப்பிக்கிறார். 1994இல் ஊராட்சிகளுக்கும் நகராட்சிக்கும் தனித்தனி ஒழுங்குமுறைகள் வந்தபின் உள்ளாட்சி அமைப்புகளே மக்களாட்சியின் முழுச் சுமையையும் ஏற்றன. மாநிலங்களவையிலும் இத்தீவுகளுக்கு இடமில்லை.

மக்கள்தொகை குறைவு என்பதே இதற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம். 1961இல் 63,548 பேர் மட்டுமே வாழ்ந்த தீவுகளைப் பொறுத்தவரை அக்காரணம் ஏற்கத்தக்கதே. ஆனால் எண்களை ஒப்பிடுவது பயன் தரும். 1963ஆம் ஆண்டுச் சட்டத்தால் சட்டப்பேரவை பெற்ற புதுச்சேரியின் 1961ஆம் ஆண்டு மக்கள்தொகை 3,69,079. 1972இல் பேரவையுடன் யூனியன் பிரதேசமான மிசோரமின் 1971ஆம் ஆண்டு மக்கள்தொகை 3,32,390. 1975இல் மாநிலமான சிக்கிமின் 1971ஆம் ஆண்டு எண்ணிக்கை ஏறத்தாழ 2,10,000. அந்தமான் நிக்கோபார் 2011இல் 3,80,581 பேரைக் கொண்டிருந்தது. புதுச்சேரிக்குப் பிரெஞ்சு ஆட்சிக்காலப் பிரதிநிதி சபையின் மரபும், மிசோரமுக்கு ஆயுதக் கிளர்ச்சியின் நெருக்கடியும், சிக்கிமுக்குத் தனியரசின் வரலாறும் இருந்தன. அந்தமானுக்கு இவற்றுள் எதுவுமில்லை. எனவே பேரவையைத் தீர்மானித்தது மக்கள்தொகை மட்டுமன்று. பேரம் பேசும் ஆற்றலே பெரும்பங்கு வகித்தது என்று முடிவுசெய்யலாம்.

இச்சூழலில் போர்ட் பிளேர் நகராட்சி மன்றமே தீவுகளின் அரசியல் முகத்தைக் காட்டும் கண்ணாடியாகிறது. 2011 கணக்கெடுப்பின்படி வங்காளம் பேசுவோர் 28 விழுக்காடு, இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13 விழுக்காடு. ஒற்றை மக்களவை இடத்தில் இந்தப் பன்மை வெளிப்பட வாய்ப்பில்லை. 2022 நகராட்சித் தேர்தலிலோ 24 வார்டுகளில் பாரதிய ஜனதா 10, காங்கிரஸ் 10, தெலுங்கு தேசம் 2, தி.மு.க. 1, சுயேச்சை 1 என முடிவு அமைந்தது. 2023இல் தெலுங்கு தேச உறுப்பினர் ஒருவர் தலைவராகவும் ஆனார். வங்கக் கடலின் இருகரைக் கட்சிகளும் ஒரே அவையில் அமர்ந்த இத்தகைய காட்சியை நிலப்பகுதியின் நகராட்சிகளில் காண்பது அரிது. ஆனால் அந்த அவையின் அதிகாரம் குடிநீர், தெரு, குப்பை என்னும் எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுதலைக் கட்டுப்படுத்தியபோது சாத்தம் ஆலையின் எதிர்காலமே மாறியது. அதன் விளைவுகளை விவாதிக்கத் தீவுகளுக்கென ஒரு பேரவை இல்லை. 2024 செப்டம்பரில் நகரின் பெயரே ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்பட்டபோதும் அறிவிப்பு தில்லியிலிருந்தே வந்தது.

எனினும் பேரவை அமைந்தால் அனைத்தும் சீராகும் எனக் கருதுவதற்கும் இடமில்லை. நியமன முறை ஒரு நிக்கோபாரியரை மக்களவைக்கு அனுப்பியது. நேரடித் தேர்தல் இதுவரை ஒருவரையும் அனுப்பவில்லை. இத்தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டதுமன்று. குடியேறியோர் பெரும்பான்மையாக உள்ள தீவுகளில் எண்ணிக்கையை மட்டுமே நம்பும் அவை, 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறையைக் காக்குமா என்னும் ஐயம் நியாயமானது. மறுபுறம், தில்லியின் நேரடி ஆட்சியும் அப்பாதுகாப்பிற்கு உறுதி அளிக்கவில்லை. பெரிய நிக்கோபார் திட்டத்திற்கு அளித்த இசைவைப் பழங்குடி மன்றம் 2022 நவம்பரில் திரும்பப் பெற்ற பின்னரும் திட்டம் கைவிடப்படவில்லை.

2024 ஏப்ரல் 19 அன்று ஷோம்பென் இனத்தவர் எழுவர் முதன்முறையாக வாக்களித்தனர். 1952இல் தொடங்கிய நாட்டின் தேர்தல் வரலாறு அவர்களை வந்தடைய 72 ஆண்டுகள் ஆயின. அவர்களுடைய வாக்கும் சாத்தம் ஆலைத் தொழிலாளியின் வாக்கும் ஒரே பெட்டிக்குள், ஒரே உறுப்பினருக்காக விழுகின்றன. இவ்விருவரின் தேவைகளையும் வேறுபடுத்திக் கேட்கும் அவை எத்தகையதாக இருக்க வேண்டும் என்பதே அந்தமானைப் பற்றிய ஆய்வுகள் இனி எழுப்ப வேண்டிய வினா.