காப்பகம், நலக் குழு, 1098... பூவத்தில் ஒரு குழந்தை தனியாக நின்றால் அடுத்து என்ன நடக்கும்?

கிழக்கு கடற்கரைச் சாலையில் பொறையாரைத் தாண்டி நண்டலாற்றைக் கடந்தால் பூவம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு, மயிலாடுதுறை மாவட்டம். இந்தப் பக்கம் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் காரைக்கால் மாவட்டம். பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம் இல்லை. ஆனால் அதே பஸ்ஸில் இருந்து பெரியவர்கள் யாரும் இல்லாமல் பத்து வயதுக் குழந்தை ஒன்று இறங்கினால், அந்த ஆறு திடீரென்று ரொம்ப முக்கியமாகிவிடும்.

இரண்டு பக்கமும் சட்டம் ஒன்றுதான். 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். ஆனால் அலுவலகம் வேறு, துறை வேறு, சில உதவித் திட்டங்களும் வேறு. இந்த விவகாரத்தில் அடிக்கடி காதில் விழும் வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம்? பார்க்கலாம்.

1098: யாருக்குப் போகிறது இந்த அழைப்பு?

1996-ல் மும்பையில் தொடங்கிய இலவச உதவி எண் இது. பல ஆண்டுகள் சைல்டுலைன் இந்தியா அறக்கட்டளை நடத்தியது. 2023-ல் அந்தந்த மாநில, யூனியன் பிரதேச அரசுகளின் கைக்கு மாறி, 112 அவசர எண்ணோடும் இணைக்கப்பட்டது. அதனால் பூவத்தில் இருந்து பேசுபவர் ஊர்ப் பெயரோடு நிறுத்தாமல், 'காரைக்கால் மாவட்டம், புதுச்சேரி' என்று சேர்த்துச் சொல்வது நல்லது.

"நமக்கெதுக்கு வம்பு?" என்று நகர்ந்துவிட முடியாது. கைவிடப்பட்டதாகவோ ஆதரவற்றதாகவோ தெரியும் குழந்தையைப் பார்த்தவர் 24 மணி நேரத்துக்குள் 1098-க்கோ, போலீசுக்கோ, நலக் குழுவுக்கோ, மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ தகவல் சொல்ல வேண்டும். சொல்லாமல் விடுவது குற்றம். 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், இல்லை இரண்டும்.

'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' என்றால் அநாதையா?

இல்லை. இங்குதான் நிறைய பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அப்பா அம்மா இருவரும் உயிரோடு இருக்கும் குழந்தையும் இதில் வரலாம். வேலைக்கு அனுப்பப்பட்ட சிறுவன், பிச்சை எடுக்கும் குழந்தை, கல்யாணம் பேசி முடிக்கப்பட்ட 15 வயதுப் பெண், வீட்டிலேயே அடி உதைக்கு ஆளாகும் பிள்ளை, கோபித்துக்கொண்டு ஓடிவந்த பையன் எல்லோரும் இந்த வரையறைக்குள் அடக்கம்.

குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் 18 வயதுக்கு உட்பட்டவருக்குப் பெயர் வேறு: 'சட்டத்துக்கு முரண்பட்ட சிறார்'. அவர் போவது இளைஞர் நீதிக் குழுமத்துக்கு. அவரை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. 'கூர்நோக்கு இல்லம்' இவர்களுக்கானது. பஸ்ஸில் தனியாக வந்த குழந்தையை 'கூர்நோக்கு இல்லத்தில் சேர்த்தனர்' என்று செய்தி எழுதினால் அது தப்பு.

குழந்தைகள் நலக் குழு: கமிட்டிதானே?

பெயர்தான் குழு. முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டுக்கு உள்ள அதிகாரம் இதற்கும் உண்டு. ஒரு தலைவர், 4 உறுப்பினர்கள். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். மாவட்டத்துக்குக் குறைந்தது ஒரு குழு என்பது சட்டம். மீட்கப்பட்ட குழந்தையை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் இந்தக் குழு முன்பு நிறுத்த வேண்டும். குழு கூடாத நேரம் என்றால் ஒரே ஒரு உறுப்பினர் முன்பு நிறுத்தினாலும் போதும். போலீஸ், டாக்டர், நர்ஸ், சமூகப் பணியாளர் யாரும் அழைத்துப் போகலாம். குழந்தையே நேராகப் போய் நிற்கவும் சட்டம் இடம் தருகிறது.

அடுத்து சமூக விசாரணை அறிக்கை. வீடு எப்படி, சொந்தம் யார், பள்ளிக்கூடம் எது, ஏன் கிளம்பி வந்தது என்று விசாரித்து எழுதுவது. 15 நாளில் முடிய வேண்டும். இறுதி உத்தரவுக்கு 4 மாதம்.

'சொந்த மாவட்டம்': எல்லையில் கனக்கும் வார்த்தை

குழந்தை கிடைத்த இடம் ஒன்று, வீடு இருக்கும் இடம் இன்னொன்று என்றால்? பூவத்தில் கிடைத்த குழந்தையின் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம் பொறையாரில் இருந்தால், விசாரணையில் அது தெரிந்ததும் சொந்த மாவட்டக் குழுவுக்கு ஆவணங்களோடு மாற்றி உத்தரவிட வேண்டும். தூரம் கூப்பிடு தூரம்தான். ஆனாலும் சட்டத்தின் கண்ணில் இது மாநிலம் விட்டு மாநில மாற்றம். சிறப்பு சிறார் காவல் பிரிவு 15 நாளுக்குள் குழந்தையைக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். பெண் குழந்தை என்றால் பெண் போலீஸ் கூடப் போக வேண்டும்.

மாநிலம் மாறும்போது, வசதிப்பட்டால் சொந்த மாவட்டக் குழுவிடம், இல்லையென்றால் அந்த மாநிலத் தலைநகரில் உள்ள குழுவிடம் ஒப்படைக்கலாம் என்கிறது சட்டம். இதை காரைக்காலுக்குப் பொருத்திப் பாருங்கள். தமிழ்நாட்டில் கிடைத்த பூவம் குழந்தையை இந்த இரண்டாவது வழியில் ஒப்படைத்தால், அது வந்து சேருவது வீட்டில் இருந்து 100 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் புதுச்சேரி நகரத்துக்கு. எனவே குழந்தையைத் தேடும் குடும்பம் 'காரைக்கால் குழுவிடமே ஒப்படையுங்கள்' என்று முதலிலேயே கேட்டுவிடுவது உத்தமம்.

"அப்போ காப்பகத்துல போட்டுடுவாங்களா?"

இந்தப் பயத்தால்தான் பல குடும்பங்கள் உதவி கேட்டே போவதில்லை. ஆனால் இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி மட்டுமே என்பது சட்டத்தின் அடிப்படைக் கொள்கை. அதற்கு முன்னால் இருப்பது நிதி ஆதரவுத் திட்டம். மத்திய அரசின் மிஷன் வத்சல்யா மூலம் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். கணவரை இழந்த அல்லது கைவிடப்பட்ட தாயின் பிள்ளை, தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளை, பெற்றோர் தீராத நோயில் கிடக்கும் வீட்டுப் பிள்ளை ஆகியோருக்கு இது கிடைக்கும். ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது. விண்ணப்பிக்க வேண்டிய இடம் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு.

இது ஆற்றின் இரண்டு கரைக்கும் பொது. ஆனால் தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய 'அன்புக்கரங்கள்' அப்படி இல்லை. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தரும் அந்தத் திட்டம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கானது. பொறையாரில் இருக்கும் சித்தி வீட்டில் இதைக் கேள்விப்பட்டு பூவத்துக்காரர் மயிலாடுதுறை கலெக்டர் ஆபீசுக்கு அலைவது வீண். அவர் போக வேண்டியது காரைக்காலுக்கு.

தத்து வேறு, வளர்ப்புப் பராமரிப்பு வேறு

தத்து என்பது நிரந்தரம். குழந்தை சட்டப்படி அந்தக் குடும்பத்தின் பிள்ளையாகிவிடும். 2022 செப்டம்பரில் இருந்து உத்தரவு போடுவது கோர்ட் இல்லை, மாவட்ட ஆட்சியர். வளர்ப்புப் பராமரிப்பு தற்காலிகம். 6 வயதைத் தாண்டிய குழந்தையை ஒரு குடும்பம் வைத்து வளர்ப்பது. ஒத்துப்போனால், 2024 வழிகாட்டுதல்படி 2 ஆண்டுக்குப் பிறகு அதே குடும்பம் தத்தெடுக்கவும் கேட்கலாம்.

வளர்க்க முடியாத தாய் குழந்தையை நலக் குழுவிடம் ஒப்படைப்பதற்குப் பெயர் 'சரண்டர்'. மனசு மாறினால் திரும்பக் கேட்க 60 நாள் அவகாசம் உண்டு. பிரசவ ஆஸ்பத்திரியில் புரோக்கர் மூலம் கைமாறும் குழந்தைக்கு அந்த 60 நாள் கிடையாது. அது குழந்தை விற்பனை. 5 ஆண்டு வரை கடுங்காவல்.

18 வயது முடிந்து இல்லத்தை விட்டு வெளியே வருபவருக்கு 21 வயது வரை கிடைக்கும் உதவி 'பிற்காப்பு'. தேவைப்பட்டால் 23 வரை நீட்டிக்கலாம்.

போட்டோவை ஃபார்வர்டு செய்யலாமா?

மீட்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் தெரியும் எதையும் வெளியிடக் கூடாது. இது டிவி, பத்திரிகைக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், மற்ற தகவல் தொடர்பு வழிகளுக்கும் சேர்த்துத்தான். மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். குழந்தையின் நலனுக்கு அவசியம் என்று விசாரிக்கும் குழுவே காரணத்தை எழுதி அனுமதித்தால் மட்டுமே விலக்கு. 'இந்தக் குழந்தை யாருடையது? அதிகம் பகிரவும்' என்று ஊர் குரூப்பில் போடுவதற்கு முன் அழைக்க வேண்டியது 1098.