தொப்பியும் தேங்காயெண்ணெயும்

நீச்சல் குளத்திலிருந்து கரையேறியதும் நேர்முடிக்காரர்கள் துண்டால் நாலு தட்டுத் தட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். சுருட்டை முடிக்காரர்களுக்கு அங்கேதான் வேலையே தொடங்கும். சிக்கு, வறட்சி, சீப்பில் துண்டு துண்டாக முறிந்துவரும் முடி. மண்டைத்தோலில் சுரக்கும் எண்ணெய்ப்பசை நேரான முடியில் நுனிவரை வழுக்கி இறங்கிவிடுகிறது. சுருளிலோ வளைவுக்கு வளைவு தடைபட்டுப் பாதியில் நின்றுவிடுகிறது. அதனால் நுனி எப்போதும் காய்ந்தே கிடக்கும். முடியின் மேல் மீன்செதில் போல அடுக்கியிருக்கும் படலமும் வளைவுகளில் லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஒற்றை முடியை இழுத்துப் பிடித்து, நுனியிலிருந்து வேரை நோக்கி விரலை ஓட்டினால் அந்தச் சொரசொரப்பு தட்டுப்படும். குளத்துக் குளோரின் தண்ணீரில் ஹைப்போகுளோரஸ் அமிலமாகி, படலத்தின் மேலிருக்கும் மெல்லிய கொழுப்புப் பூச்சை அரித்துவிட்டு, உள்ளே இருக்கும் புரதத்தின் மேல் கைவைக்கிறது.

இதற்குக் காப்பாகப் பெரும்பாலோர் சொல்வது இரண்டு: நீச்சல் தொப்பி, இல்லாவிட்டால் தேங்காயெண்ணெய். இரண்டையும் ஒரே வேலைக்கான இரண்டு கருவிகள் என்று நினைப்பதில்தான் கோளாறு இருக்கிறது.

முதலில் தொப்பி. நம்மூர்க் குளங்கள் பலவற்றில் தொப்பி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அது நம் முடிமேல் உள்ள அக்கறையால் அல்ல. உதிர்ந்த முடி வடிகட்டியை அடைத்துவிடக் கூடாது என்பதற்காக. லைக்ரா துணித் தொப்பியில் தண்ணீர் தாராளமாகப் புகும். லேடெக்ஸ் மெல்லியது, மலிவானது, ஆனால் கழற்றும்போது முடியைக் கவ்வி இழுக்கும். சிலிக்கோன் தடிமனானது, நன்றாக விரிந்து கொடுக்கும். அதிலும் பிடரி வழியாகவும் காதோரமாகவும் தண்ணீர் வந்தே தீரும். தண்ணீரே படாமல் காக்கும் என்று நம்பிப் போட்டவர்கள், கழற்றியதும் கழுத்தில் வழியும் நீரைப் பார்த்து ஏமாந்துபோகிறார்கள்.

ஆனால் உள்ளே புகுந்த அந்தக் கொஞ்சத் தண்ணீர் அங்கேயே தேங்கி நிற்கிறது. அதிலுள்ள குளோரின் செலவாகிவிட்டால் புதிதாக வருவது குறைவு. தொப்பி இல்லாத தலைக்கோ ஒவ்வொரு கை வீச்சுக்கும் புதுக் குளோரின். அதைவிட முக்கியமாக, அலைப்புண்டு முடி ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதைத் தொப்பி தடுக்கிறது. சுருட்டை முடிக்கு நேரும் சேதத்தில் பெரும்பங்கு குளத்தில் அல்ல, பிறகு சிக்கெடுக்கும்போதுதான் நடக்கிறது.

இதெல்லாம் முடி முழுக்கத் தொப்பிக்குள் அடங்கினால்தான். அடர்ந்த சுருளும் பின்னலும் உள்ளவர்களுக்கு வழக்கமான தொப்பி பத்தாது. லண்டனில் இரு நண்பர்கள் 2017-ல் தொடங்கிய சோல் கேப் நிறுவனம் இவர்களுக்காகவே பெரிய தொப்பிகளைச் செய்தது. நீச்சலில் பிரிட்டனுக்காக ஒலிம்பிக் சென்ற முதல் கறுப்பினப் பெண்ணான ஆலிஸ் டியரிங் அந்நிறுவனத்தோடு கைகோத்திருந்தார். டோக்கியோ போட்டிக்கு முன், 2021-ல், சர்வதேச நீச்சல் சம்மேளனம் அந்தத் தொப்பிக்கு அனுமதி மறுத்தது. தலையின் இயல்பான வடிவத்தோடு அது ஒட்டவில்லையாம்; இவ்வளவு பெரிய தொப்பி வீரர்களுக்குத் தேவைப்பட்டதும் இல்லையாம். யாருடைய தலை இயல்பான தலை என்ற கேள்வி உலகெங்கும் எழுந்தது. 2022 செப்டம்பரில் அனுமதி கிடைத்தது. அளவு சரியில்லாத தொப்பி நெற்றியோர முடியை அறுக்கும், நீந்த நீந்த மேலேறி நழுவும். அதைப் போடுவதும் போடாததும் ஒன்றுதான்.

எண்ணெயின் வேலை வேறு. 2003-ல் மும்பை மாரிகோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ரெலே, மோஹிலே இருவரும் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் முடியில் தடவி ஒப்பிட்டார்கள். புரத இழப்பைக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டும். அதிலுள்ள லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு என்பதால் முடிக்குள் நுழைந்துவிடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வு என்பதையும், அது குளோரினை வைத்துச் செய்ததல்ல என்பதையும் மனதில் வைத்தே படிக்க வேண்டும். என்றாலும் எண்ணெய் உட்புகுந்த முடி தண்ணீரில் ஊதுவது குறைகிறது; ஊதல் குறைந்தால் தண்ணீரோடு உள்ளே போவதும் குறையும் என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது.

உள்ளே நுழைய அதற்கு நேரம் வேண்டும். குளக்கரையில் நின்று வழிய வழியத் தேய்த்துக்கொண்டு குதிப்பவர்களின் எண்ணெய் முடிக்குள் போகாது. தண்ணீர்மேல் மிதக்கும், ஓரத்து டைல்ஸில் அழுக்கு வளையமாக ஒட்டும், வடிகட்டியில் படியும். எண்ணெய்த் தலையோடு வருபவர்களைக் காவலாளி திருப்பி அனுப்பினால் கோபப்பட நியாயமில்லை. இரண்டையும் சேர்த்துப் போட்டாலும் சங்கடம்தான்: எண்ணெய்த் தலையில் சிலிக்கோன் நிற்காது, லேடெக்ஸ் நாளடைவில் பிசுபிசுத்துக் கிழியும்.

இரவே எண்ணெய் வைத்து, காலையில் மேலோட்டமாக அலசிவிட்டுப் போனால் இந்தச் சண்டை தீரும். மேலே இருப்பது போய்விடும், உள்ளே போனது தங்கும். தினமும் நீந்துபவர்கள் இப்படிச் செய்துவிட்டுத் தொப்பியும் போடுவது நல்லது. எப்போதாவது போகிறவருக்கு ஒன்றுதான் முடியும் என்றால் நான் தொப்பியைத்தான் சொல்வேன், அளவு பொருந்தினால்.

எதைத் தேர்ந்தாலும் இறங்குமுன் ஷவரில் தலையை நன்றாக நனைத்துக்கொள்ள வேண்டும். குழாய்த் தண்ணீரிலும் குளோரின் உண்டு. ஆனால் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் அளவில் இருந்தாலே குடிநீருக்குப் போதும். குளத்தில் அது 1 முதல் 3 வரை இருக்கும். ஏற்கெனவே ஊறிய முடி, காய்ந்த முடியைப் போலக் குளத்து நீரை வாரிக் குடிக்காது.

நீந்தி முடித்தபின் தொப்பியாலும் எண்ணெயாலும் ஆவதற்கு ஒன்றுமில்லை. உடனே நல்ல தண்ணீரில் அலசி, கண்டிஷனர் போட்டு, ஈரத்தோடு விரலாலேயே நுனியிலிருந்து சிக்கெடுக்க வேண்டும். வெளிர்நிற முடியில் பச்சை ஏறுவதற்குக் குளோரினைத் திட்டுகிறார்கள். உண்மையில் அது தண்ணீரில் கலந்த தாமிரத்தின் வேலை. நம் கறுப்பு முடியில் அது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் படியத்தான் செய்கிறது. இடிடிஏ என்ற வேதிப்பொருள் கலந்த ஷாம்பூ அதை எடுத்துவிடும். அந்த ஷாம்பூவை அடிக்கடி போடாமல் இருப்பது நல்லது. மிச்சமிருக்கும் எண்ணெய்ப்பசையையும் சேர்த்து வழித்துவிடும்.