பாட்டிகள் போட்ட கையெழுத்து: யாக்கிமாவின் சீஸ் கதை

1997 ஜனவரியிலிருந்து மே வரைக்கும், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் யாக்கிமா என்ற மாவட்டத்தில் 54 பேருக்கு சால்மொனெல்லா தொற்று பரிசோதனையில் உறுதியானது. எண்ணிக்கை ஒன்றும் பெரிசில்லை. என்னைப் பிடித்து நிறுத்தியது இன்னொரு எண். நோயாளிகளின் இடைநிலை வயது 4. வயது வாரியாக வரிசையில் நிற்க வைத்தால், பாதிப் பேர் நாலு வயசு அல்லது அதற்கும் கீழே. அதோடு, பத்தில் ஒன்பது பேர் ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்கள், பெரும்பாலும் மெக்ஸிகோ வழி வந்தவர்கள்.

குழந்தைகள் எதைச் சாப்பிட்டார்கள் என்று தேடிப் போனவர்கள் வந்து நின்ற இடம் கேசோ ஃப்ரெஸ்கோ. ஸ்பானிய மொழியில் 'புது சீஸ்' என்று அர்த்தம், அவ்வளவுதான். வெள்ளையாக, மெத்தென்று, லேசான உப்போடு, விரலால் தொட்டாலே உதிரும். பார்த்தால் நம்ம ஊர் பன்னீருக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி இருக்கும். முழுசாகப் பல் முளைக்காத குழந்தைக்கும் மசித்து ஊட்டலாம், காரம் கிடையாது, பால் வாசனை. ஒரு பாட்டியின் பார்வையில் இதைவிட நல்ல முதல் உணவு எது?

யாக்கிமா ஆப்பிள் தோட்டங்களுக்கும் பீருக்குப் போடும் ஹாப்ஸ் கொடிக்கும் பேர் போன பள்ளத்தாக்கு. பால் பண்ணைகளும் நிறைய. இந்தத் தோட்டங்களிலும் பண்ணைகளிலும் உழைக்கிறவர்களில் பெரும்பகுதி மெக்ஸிகோ வழிக் குடும்பங்கள். கறந்த பால் கிடைப்பது அங்கே கஷ்டமில்லை. நோயாளிகளிடம் கிடைத்த கிருமியும், பக்கத்துப் பண்ணை ஒன்றின் பாலில் கிடைத்த கிருமியும் ஒன்றாகவே இருந்தன. அதுவும் சாதாரண ரகம் இல்லை. டிடி104 என்று பெயர், ஆம்பிசிலின், டெட்ராசைக்ளின் உட்பட ஐந்து வகை மருந்துகளுக்கு அசையாதது.

இதைப் படித்ததும் நம்ம ஆட்களுக்கு முதலில் தோன்றுவது, "பாலைக் காய்ச்சினா தீர்ந்தது, இதுல என்ன ஆராய்ச்சி?" என்பதுதான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நம் வீட்டில் பால் வந்ததும் முதல் வேலையே அடுப்பில் வைப்பது. ஆனால் விஷயம் இங்கேதான் சுவாரசியமாகிறது.

பன்னீர் செய்வது எப்படி? பாலைக் கொதிக்க வைத்து, எலுமிச்சம்பழமோ புளித்த மோரோ விட்டு, வேண்டுமென்றே திரிய விடுகிறோம். சூடும் புளிப்பும் சேர்ந்து வேலையை முடிக்கும். கேசோ ஃப்ரெஸ்கோவின் வழி வேறு. அதைக் கெட்டியாக்குவது ரென்னெட். பால் குடிக்கும் கன்றுக்குட்டியின் வயிற்றில் சுரக்கும் நொதி அது. (இப்போது பெரும்பாலும் நுண்ணுயிர்களை வைத்துத் தயாரிக்கிறார்கள், கடையில் மாத்திரையாகவே கிடைக்கிறது.) இந்த ரென்னெட்டுக்கும் கொதித்த பாலுக்கும் ஆகாது. பாலைப் பொங்கக் காய்ச்சினால், பால் தெளிவில் கரைந்திருக்கும் புரதங்கள் சூட்டில் உருக்குலைந்து கேசீன் புரதத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். ரென்னெட் வெட்ட வேண்டிய இடம் மூடிப்போகும், வெட்டினாலும் துகள்கள் ஒன்றோடொன்று சரியாகப் பிடிக்காது. நானே ஒருமுறை செய்து பார்த்தேன். வழக்கம்போல நன்றாகக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்து, ரென்னெட் விட்டுவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தேன். கஞ்சி மாதிரிதான் நின்றது, கத்தி வைத்து வெட்டும்படி உறையவே இல்லை.

ஆக, மெக்ஸிகோ பாட்டிகள் பச்சைப்பாலில் சீஸ் செய்தது அலட்சியம் இல்லைங்க. அவர்களுடைய செய்முறைக்குக் காய்ச்சாத பால்தான் படியும். "காய்ச்சுங்கள்" என்று மட்டும் போய்ச் சொன்னால், "சீஸ் செய்யாதே" என்று சொன்ன மாதிரிதான். எந்தப் பாட்டி கேட்பாள்?

புது சீஸுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. பச்சைப்பால் சீஸை விற்பதானால் 60 நாளாவது பதப்பட வைத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் பழைய விதி. நாள்பட நாள்பட ஈரம் குறையும், உப்பும் புளிப்பும் சேர்ந்து பல கிருமிகளை நெருக்கும். கேசோ ஃப்ரெஸ்கோ செய்த ஓரிரு நாளில் தட்டுக்கு வந்துவிடும். ஈரம் அதிகம், புளிப்பு குறைவு. குழந்தைக்குப் பிடித்த அதே குணங்கள் கிருமிக்கும் பிடித்தவை.

யாக்கிமாவுக்கு 12 வருஷம் முன்னாலேயே இதன் கொடூரமான முன்னோட்டம் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்திருந்தது. 1985-ல் அங்கே தொழிற்சாலையில் செய்து விற்ற மெக்ஸிகோ பாணி சீஸில் லிஸ்டீரியா புகுந்தது. குளிர்பதனப் பெட்டியின் குளிரிலும் வளரக்கூடிய கிருமி. 142 பேருக்கு நோய், 48 மரணங்கள். அந்த 48-ல் 20 கருவிலேயே போனவை, 10 பிறந்த குழந்தைகள். சீஸைச் சாப்பிட்டது அம்மாக்கள், போனது பிள்ளைகள். பதப்படுத்தாத பால் சீஸில் கலந்திருக்கிறது என்றுதான் ஆலையில் நடந்த விசாரணை காட்டியது. இது வியாபாரத்தில் நடந்த தப்பு, மூடுவதற்கு ஒரு ஆலை இருந்தது. யாக்கிமாவில் மூட வேண்டியது யார் வீட்டுச் சமையலறையை?

வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பணியாளர்களும் உள்ளூர் சுகாதாரத் துறையும் எடுத்த வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. முதலில் அவர்கள் துண்டுப் பிரசுரம் அடிக்கவில்லை, சீஸைச் சரி செய்தார்கள். கடையில் விற்கும் பதப்படுத்திய பால் கொதிக்க வைத்த பால் இல்லை. சுமார் 63 டிகிரியில் அரை மணி நேரமோ, 72 டிகிரியில் 15 விநாடியோ சூடு காட்டியது. கிருமி சாகும், ஆனால் ரென்னெட் வேலை செய்யும் அளவுக்குப் புரதம் தப்பிக்கும். சூட்டில் போன நல்ல பாக்டீரியாக்களையும் வாசனையையும் ஈடுகட்ட, உறை சேர்த்த மோரைக் கொஞ்சம் விட்டார்கள். நம்ம ஊரில் தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான். ருசியும் பதமும் அந்தச் சமூகத்துக்கு ஒத்துவரும் வரை செய்முறையைத் திருத்தினார்கள்.

அதன் பிறகுதான் பாட்டிகள். ஸ்பானிய மொழியில் அபுவேலா என்றால் பாட்டி, திட்டத்தின் பெயரும் அபுவேலா திட்டம்தான். அக்கம்பக்கத்தில் மதிப்புள்ள வயதான பெண்களுக்குப் புது முறையைக் கற்றுக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பாட்டியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள், குறைந்தது 15 பேருக்காவது இதைச் சொல்லிக் கொடுப்பேன் என்று. வகுப்புகளுக்கு வந்தவர்கள் 225 பேருக்கு மேல். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோதும் வந்தவர்கள் புது முறையை விட்டுவிடவில்லை. விஞ்ஞானி சொல்லிக் கேட்காதவள் சம்பந்தி சொன்னால் கேட்பாள் என்பது யாக்கிமாவுக்கும் பொருந்தும் போல.

இதோடு கதை முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். 2004 மார்ச்சில் நியூயார்க்கில் 15 மாதக் குழந்தை ஒன்று வயிற்றுக் காசநோயில் இறந்தது. கிருமி மைக்கோபாக்டீரியம் போவிஸ், மாட்டுக் காசநோய். 1901-ல் லண்டன் மாநாட்டில் ராபர்ட் கோக், மாட்டுக் காசநோயால் மனிதருக்குப் பெரிய ஆபத்தில்லை என்று அடித்துச் சொன்னார். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தவரே சொல்லும்போது யார் மறுப்பது? பிரிட்டனில் ஓர் அரச ஆணையம் பத்து வருஷம் உழைத்து, அது தப்பு, பால் வழியாகக் குழந்தைகளுக்குப் பரவுகிறது என்று நிறுவியது. ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, எங்கும் பதப்படுத்திய பால் விற்கிற நகரத்தில், அதே நோய். 2001-க்கும 2004-க்கும் இடையில் நியூயார்க்கில் இப்படி 35 பேர் கண்டறியப்பட்டார்கள். விசாரணை கை காட்டியது மெக்ஸிகோவிலிருந்து வந்த, பச்சைப்பாலில் செய்த புது சீஸை.

குழந்தைக்கு சீஸே கூடாதா என்று கேட்டால், அப்படி இல்லை. ஆறு மாதத்துக்கு மேல், மற்ற திட உணவு தொடங்கியபின், பதப்படுத்திய பாலில் செய்த மெத்தென்ற சீஸ் கொடுக்கலாம் என்றுதான் பிரிட்டன் சுகாதாரத் துறையும் சொல்கிறது. ஒரு வயசுக்குள் மொத்த உப்பு ஒரு நாளைக்கு 1 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பதால் உப்பு குறைந்ததாகப் பார்க்க வேண்டும். முதலில் துளியூண்டு, பால் ஒவ்வாமை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. வீட்டுப் பன்னீருக்கு அந்தப் பாக்டீரியா பயம் குறைவு, நாம்தான் பாலைப் பொங்கவிட்டுத் தொடங்குகிறோமே. ஆனால் திரிந்தபின் அது படும் கை, துணி, மேலே வைக்கும் அம்மிக்கல் எல்லாம் காய்ச்சாதவை. வடிகட்டும் துணியைக் கொதிக்கும் தண்ணியில் போட்டு எடுக்க அஞ்சு நிமிஷம் ஆகும்.