காளையின் மூக்கும் மனிதனின் கண்ணும்

பசு விடாமல் கத்தும். தீவனத்தில் நாட்டம் இருக்காது. பின்புறம் கண்ணாடி போன்ற வழும்பு ஒழுகும். எல்லாவற்றுக்கும் மேலாக, இன்னொரு மாடு தன் மேல் தாவினால் விலகாமல் அப்படியே நிற்கும். மாடு பருவத்துக்கு வந்துவிட்டது என்பதற்கு இவைதான் அடையாளங்கள்.

சுமார் 21 நாட்களுக்கு ஒருமுறை வரும் இந்தப் பருவம் பெரும்பாலும் ஒரு நாள்கூட முழுதாக நீடிப்பதில்லை. தவறவிட்டால் மறுபடி 21 நாள் காத்திருக்க வேண்டும். கன்று தள்ளிப்போகும், பால் தள்ளிப்போகும்; தீவனச் செலவு மட்டும் தள்ளிப்போகாது!

மந்தையில் காளை இருந்தவரை இந்தக் கவலை மனிதனுக்கு இல்லை. மோப்பம் பிடித்தே காளை கண்டுகொள்ளும். செயற்கை முறைக் கருவூட்டல் வந்ததும் நிலைமை மாறியது. ரஷ்யாவில் இலியா இவனோவ் வளர்த்தெடுத்த இந்த முறைக்கு 1936ல் டென்மார்க்கிலும், 1938ல் அமெரிக்காவிலும் விவசாயிகளின் கூட்டுறவு அமைப்புகள் உருவாயின. இந்தியாவில் 1939ல் மைசூர் அரண்மனைப் பண்ணையில் சம்பத் குமரன் இதைத் தொடங்கினார். நல்ல காளை ஒன்றின் விந்து ஏராளமான பசுக்களுக்குப் பயன்பட்டது. ஆனால் காளை தொழுவத்தை விட்டுப் போனபோது அதன் மூக்கும் கூடவே போய்விட்டது!

அடுத்த கேள்வி, ஊசியை எப்போது போடுவது? பருவ அறிகுறிகள் அடங்கி ஏறக்குறைய 10 முதல் 12 மணி நேரம் கழித்தே கருமுட்டை வெளிவருகிறது. அவசரப்பட்டாலும் வீண், தாமதித்தாலும் வீண். 1948ல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிரிம்பர்கர் வெளியிட்ட ஆய்விலிருந்து எளிய விதி ஒன்று பிறந்தது: காலையில் பருவம் தெரிந்தால் அன்று மாலை ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை ஊசி.

விதி எளிதுதான். ஆனால் யாராவது பார்த்தால்தானே? பல மாடுகள் இரவில் அறிகுறி காட்டும். சில காட்டாமலே இருந்துவிடும். பருவத்தில் மாடு வழக்கத்தைவிட அதிகம் நடக்கும் என்பதால், 1977ல் கிட்டி என்ற அமெரிக்க ஆய்வாளர் காலில் நடை எண்ணும் கருவி கட்டிப் பார்த்தார். 1995ல் விஸ்கான்சின் ஆய்வாளர்கள், பருவத்தைப் பார்க்கவே தேவையில்லாதபடி ஹார்மோன் ஊசிகளால் கருமுட்டை வெளிவரும் நேரத்தையே குறித்துவிடும் முறையை வெளியிட்டார்கள். இன்று கழுத்துப் பட்டையில் உள்ள உணர்கருவி கைபேசிக்கே தகவல் அனுப்புகிறது.

இருந்தாலும் ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இவை எட்டாத விலை. அங்கே சினை ஊசி போடுபவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், அவரை அழைக்கும் நேரத்தைச் சொல்வது தினமும் காலையும் மாலையும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுபவரின் கண்தான். காளையின் மூக்கு விட்டுப்போன வேலையை அந்தக் கண்தான் இன்னும் செய்துகொண்டிருக்கிறது.