தறி இருந்த வீடு

காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டே காரியங்களுக்காகப் போகிறார்கள். ஒன்று, சுவாமி தரிசனம். மற்றொன்று, கல்யாணப் புடவை. இரண்டும் முடிந்ததும் கோயில் இட்லியையும் ஒரு கை பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். புடவை வாங்கிய அம்மாள் அதன் கரையைப் பார்ப்பார், முந்தானையைப் பார்ப்பார், விலைச் சீட்டை இரண்டு தடவை பார்ப்பார். அந்தப் புடவை பிறந்த வீட்டைப் பார்க்க மட்டும் அவருக்கு நேரம் இருப்பதில்லை.

அந்த வீட்டைப் பார்க்கக் காஞ்சிபுரத்துக்குப் போக வேண்டும் என்பதுகூட இல்லை என்று சொன்னால் வேடிக்கையாக இருக்கும். ஆனால் விஷயம் உண்மைதான். சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில், தட்சிணசித்ரா என்று ஓர் இடம் இருக்கிறது. அமெரிக்காவில் பிறந்து தமிழ்நாட்டில் வாழ வந்த டெபோரா தியாகராஜன் என்ற அம்மையார் 1984-ல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்ற நிறுவனம் இதை உண்டாக்கியது. இடத்தின் அமைப்பை வகுத்தவர் கேரளத்தைத் தம் ஊராக்கிக்கொண்ட கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். 1996 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். பத்து ஏக்கர் பரப்பில் தென்னாட்டின் பழைய வீடுகள் அடுத்தடுத்து நிற்கின்றன. செட்டிநாட்டு வணிகர் வீடு, அக்கிரகாரத்து வீடு, குயவர் வீடு, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் வீடு, கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீடு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகலாம். அவற்றுக்கு நடுவே காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடும் ஒன்று.

வீட்டைக் குடிபெயர்த்துக் கொண்டுவந்து காட்சிக்கு வைக்கும் இந்த யோசனை வடக்கு ஐரோப்பாவில் பிறந்தது. ஸ்வீடன் தேசத்தில் ஆர்தர் ஹாசேலியஸ் என்ற ஆசிரியர் இருந்தார். மலைநாட்டுக் குடியானவர்களின் உடையும் சாமான்களும் தம் கண் முன்னே மறைந்துகொண்டிருப்பதைக் கண்டு, முதலில் சாமான்களைச் சேர்த்தார். பிறகு வீடுகளையே சேர்த்தார். 1891-ல் ஸ்டாக்ஹோம் நகரில் ஸ்கான்சென் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் திறந்தார். பக்கத்து நார்வேயில் இதே காரியத்தைச் செய்தவர் ஒரு பல் வைத்தியர் என்றால் நம்புவீர்களா? ஆண்டர்ஸ் சாண்ட்விக் என்று பெயர். நெஞ்சு நோயோடு 1885-ல் லில்லஹாம்மர் என்ற சிற்றூருக்கு வந்தவர், மலைப் பள்ளத்தாக்குகளில் பண்ணை பண்ணையாகப் போய்ப் பல் பிடுங்கினார். போன இடத்தில் பழைய பெட்டி, பழைய நாற்காலி என்று வாங்க ஆரம்பித்து, கடைசியில் வீடுகளையே வாங்கித் தம் தோட்டத்தில் நிறுத்திவிட்டார். அந்த வீடுகள் 1904-ல் மைஹௌகன் என்ற குன்றில் ஊர்ப்பொதுவாகக் குடியேறின. கோடையில் மாடுகளை மேய்க்க மலை மேல் ஏறும் பெண்கள் தங்கிப் பாலைக் கடைந்து வெண்ணெய் எடுத்த குடில்கூட அங்கே இருக்கிறது.

அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. அந்த வீடுகள் முழுக்க முழுக்க மரம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டைகளுக்கு எண் போட்டுப் பிரித்து, வண்டியில் ஏற்றி, வேறிடத்தில் அதே வரிசையில் அடுக்கிவிடலாம். நம் வீடு அப்படி இல்லை. தூணையும் கதவையும் உத்திரத்தையும் ஓட்டையும் கழற்றிக் கொண்டுவரலாம். மண்ணும் சுண்ணாம்பும் செங்கல்லுமான சுவரை எப்படிக் கொண்டுவருவது? அதை வந்த இடத்தில் புதிதாகத்தான் எழுப்ப வேண்டும். ஆகவே நம் ஊர் வீடு குடிபெயரும்போது பாதி வருகிறது. பாதி அங்கேயே மண்ணோடு மண்ணாகிறது.

சுவரைவிட முக்கியமான ஒன்றும் வருவதில்லை. அதைச் சொல்வதற்கு முன் அந்த நார்வே மலைப்பண்ணைகள் ஏன் காலியாயின என்று கேட்டுப் பார்க்க வேண்டும். 1825-லிருந்து நூறு வருஷத்துக்குள் அந்தச் சிறிய தேசத்திலிருந்து சுமார் எட்டு லட்சம் பேர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களுக்குத் தங்கள் வீட்டின் மேல் ஆசை இல்லாமல் இல்லை. அந்த வீட்டில் இருந்துகொண்டு வயிற்றை நிரப்ப முடியவில்லை. பிழைப்பு முதலில் வெளியே போகிறது. பிறகு மனிதர்கள் போகிறார்கள். வீட்டைத் தேடிக்கொண்டு அருங்காட்சியகம் வருவது அதற்கும் பிறகுதான். இந்த வரிசை எந்த நாட்டிலும் மாறியதாகத் தெரியவில்லை.

இனி நம் காஞ்சிபுரத்து வீட்டுக்கு வருவோம். தெருவை ஒட்டித் திண்ணை, பக்கத்து வீட்டோடு தோள் சேர்த்து நிற்கும் சுவர், உள்ளே தறி. நெசவாளர் வீட்டில் நல்ல இடம் தறிக்குத்தான். மனிதர்கள் மிச்சமிருக்கும் இடத்தில் உண்டு உறங்கிக்கொள்வார்கள். குழித்தறி என்றால் தரையில் ஒரு குழி; நெசவாளர் அதன் விளிம்பில் அமர்ந்து, காலைக் குழியில் தொங்கவிட்டு மிதிக்க வேண்டும். வீட்டின் தரையே தறியின் ஓர் உறுப்பு என்று சொன்னால் தப்பில்லை.

தறி வீட்டுக்குள் அடங்கிவிடும், பாவு அடங்காது. ஒரு பாவில் மூன்று புடவை நெய்வது அங்கே வழக்கம். மூன்று புடவை என்றால் பதினெட்டு கஜம். எந்த நெசவாளர் வீட்டுக் கூடம் பதினெட்டு கஜ நீளம் இருக்கும்? ஆகவே விடியற்காலையில், வெயில் ஏறுவதற்குள், பாவைத் தெருவில் நீட்டிக் கட்டி, இழை இழையாகச் சீர் செய்கிறார்கள். அக்கம்பக்கத்தார் கை கொடுக்கிறார்கள். இன்று உன் பாவு, நாளைக்கு என் பாவு. அதாவது, நெசவாளர் வீடு என்பது தனி வீடே அல்ல. தெருவின் ஒரு துண்டு. முட்டுக்காட்டுக்கு வராமல் போனது இந்தத் தெருதான். அதைக் கழற்றி ஏற்ற எந்த வண்டியாலும் ஆகாது.

இந்தத் தெருவுக்கு ஒரு காலத்தில் இருந்த மதிப்பையும் சொல்ல வேண்டும். விஜயநகர காலத்துக் கல்வெட்டுகள், காஞ்சிபுரத்துக் கைக்கோளர்களுக்குப் பல்லக்கில் ஏறவும் சங்கு ஊதவும் உரிமை இருந்ததைக் குறிப்பிடுகின்றன. வேறு ஊர் நெசவாளர்கள், காஞ்சிபுரத்திலும் விரிஞ்சிபுரத்திலும் உள்ளவர்களுக்கு இருக்கும் அதே உரிமை எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டுப் பெற்றிருக்கிறார்கள். கோயில் கல்லிலே பெயர் ஏறும் அளவுக்கு அந்தத் தொழிலுக்குத் தலைநிமிர்வு இருந்தது. எட்டாம் நூற்றாண்டில் ராஜசிம்மன் கட்டிய கைலாசநாதர் கோயிலுக்குத் தொல்லியல் துறையின் காவல் இருக்கிறது. தறி ஓடிய ஓட்டு வீட்டுக்கு யார் காவல்? 1909-ல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணாவின் வீடு நினைவு இல்லமாக நிற்கிறது. மற்ற வீடுகளில் பிறந்தவர்கள் முதலமைச்சர் ஆகவில்லை. அது அவர்கள் குற்றமா?

பழமையைப் புகழும்போது நாக்கை அடக்கிக்கொள்ள வேண்டிய இடமும் ஒன்று உண்டு. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று நெய்து கோக்கும் கோர்வைக்கு இரண்டு பேர் வேண்டும். பல காலம் அந்த இரண்டாவது ஆள் ஒரு சிறுவனாகவோ சிறுமியாகவோ இருந்தான். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகத் தறியடியில் உட்கார்ந்த குழந்தைகளும் உண்டு. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்து, பிறகு பலர் பாடுபட்டு, அவர்கள் பள்ளிக்கூடம் போனார்கள். அருங்காட்சியகத்துத் தூண்கள் இதைச் சொல்லாது. பார்க்கிற நாம்தான் நினைத்துக்கொள்ள வேண்டும்.

பள்ளிக்கூடம் போன பிள்ளை தறிக்குத் திரும்பவில்லை என்று இப்போது குறைப்படுகிறார்கள். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் தொழிற்சாலைகள் வந்துவிட்டன. மாதம் பிறந்தால் சம்பளம். தறியிலோ பத்து நாளுக்கு மேல் இரண்டு பேர் கண்ணைக் கொடுத்து நெய்த புடவைக்குக் கிடைக்கிற கூலியைப் பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். கணக்குத் தெரிந்த பிள்ளையைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? பட்டுப் புடவையை விசைத்தறியில் நெய்யாமல் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-ல் சட்டம் செய்தார்கள். காஞ்சிப் பட்டுக்கு 2005-06-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சட்டமும் குறியீடும் பெயரைக் காப்பாற்றும். கூலி கட்டுபடியானால்தான் ஆள் தறியில் உட்காருவான்.

தட்சிணசித்ராவை நான் குறை சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். அது இல்லாவிட்டால் அந்த வீட்டின் தூணும் கதவும் விறகுக் கடைக்குப் போயிருக்கும். ஆனால் நார்வேயின் மலைப்பண்ணைக்கும் காஞ்சிபுரத்துத் தறி வீட்டுக்கும் இன்னும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அங்கே பிழைப்பு போய்விட்டது. இங்கே பாதி இருக்கிறது. மிச்சமிருக்கும் பாதியை வைத்துக்கொள்வதா, அதையும் முட்டுக்காட்டுக்கு அனுப்புவதா என்பதைத் தீர்மானிக்கிறவர்களில், கடையில் புடவையைப் பிரித்துப் பார்க்கிற அம்மாளும் ஒருவர்.

ஆகையால் ஒரு சிபாரிசு. அடுத்த தடவை காஞ்சிபுரம் போனால் முந்தின இரவே போய்த் தங்கிவிடுங்கள். விடியுமுன் எழுந்து பிள்ளையார்பாளையம் பக்கம் நடந்து பாருங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் ஏதாவது ஒரு தெருவில் பாவு நீட்டியிருப்பார்கள். கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள். இழை அறுந்துவிட்டால் முடிவதற்கு நேரம் பிடிக்கும். அப்புறம் கடைக்குப் போய், கோர்வைப் புடவை எது என்று கேட்டு வாங்குங்கள். விலையைக் குறைக்கச் சொல்லும்போது மட்டும் அந்தப் பதினெட்டு கஜத்தை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.